பையோடு வந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கீமோ நடக்கையில் ஈரல் பரிசோதனை ஏறினால் பழி முதலில் கீமோ மீதுதான் விழும். அதை நிறுத்தியும் அளவு இறங்காவிட்டால், அந்த வாரங்கள் கட்டிக்குத்தான் லாபம். மருந்தால் வந்த ஈரல் பாதிப்பு என்று காட்டித்தரும் தனிப் பரிசோதனை கிடையாது. ஹெப்படைற்றிஸ் பி, பித்தக்குழாய் அடைப்பு, ஈரலில் பரவிய கட்டி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, நோயாளி எதை எந்தத் திகதியில் குடிக்கத் தொடங்கினார் என்று பார்த்தே பிடிக்க வேண்டும். அந்தத் திகதிகளைத் தந்தவர்கள் நீங்கள்.

'மருந்து கொண்டுவாங்கோ' என்றால் பலர் கிளினிக் குளிசையை மட்டும் எடுத்துவருவார்கள். நீங்கள் சொப்பிங் பேக்கை அப்படியே மேசையில் கவிழ்த்தீர்கள். வெறும் பனடோல் அட்டைகளையும் எறியாமல் வைத்திருந்தது பெரிய உதவி. வாய் சொல்லும் கணக்கை விட அட்டை சொல்லும் கணக்குச் சரி. 500 மில்லிகிராம் பனடோல் குளிசை நாளுக்கு எட்டுத்தான் உச்சம்; மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். தடிமன் குளிசை பலவற்றுக்குள்ளும் அதே மருந்து இருப்பதால், எட்டு எப்போது தாண்டியது என்றே தெரியாது. சாப்பாடு இறங்காமல் மெலிந்தவருக்கோ எட்டே அதிகம்.

புறக்கோட்டை கேபோஸ் லேனில், சரையின் மேல் பேனையால் 'சீந்தில்' என்றும் பக்கத்தில் அதன் சிங்களப் பெயரான 'ரசகிந்த' என்றும் எழுதிக்கொடுத்த கடைக்காரருக்குத் தனி நன்றி. சீந்தில் சிலருக்கு, உடலே தன் ஈரலைத் தாக்கும் வகை அழற்சியைக் கிளப்பும். வெறும் 'கசாயம்' என்றால் நாங்கள் எதைத் தேடுவது?

ஆய்வுகூடத்தாருக்கு: ஏ.எல்.ரி (ஈரல் கலங்கள் சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் நொதியம்) சாதாரண உச்ச அளவின் மூன்று மடங்கையும் பிலிருபின் (மஞ்சள் நிறமி) இரண்டு மடங்கையும் தாண்டியதும், அறிக்கை அடுத்த கிளினிக் வரை கிடக்காமல் உடனே போன் எடுத்தீர்கள். பித்தக்குழாய் அடைப்பில்லாமல், மருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறினால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உயிராபத்து. பிலிருபின் ஏறியிருக்க டொக்ஸொரூபிசின் என்ற கீமோ மருந்தை முழு அளவில் ஏற்றினால், ஈரலால் வெளியேற்ற முடியாமல் மருந்து உடம்பில் தங்கி வெள்ளணுக்களைச் சரித்துவிடும்.

சலம் பிளேன்ரீ நிறமா, உடம்பு கடிக்குதா என்று ஈரல் பாதிப்பின் அறிகுறிகளை ஊசிக்கு முன்னரே கேட்ட மிஸ்மாருக்கும் நன்றி. குருதிக் கலங்கள் உடைந்த மாதிரியில் ஏ.எஸ்.ரி என்ற இன்னொரு ஈரல் நொதியம் பொய்யாக ஏறும் என்று திரும்ப எடுத்தவர்களும் நீங்களே.

இம்யூனோதெரபியால் (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புற்றுநோய் மருந்தால்) ஈரல் வீங்கியவர்களின் வீட்டாருக்கும் ஒரு சொல். மஞ்சள் இறங்கியதும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையைச் சட்டென்று நிறுத்தத்தான் மனம் வரும். நிறுத்தினால் அழற்சி திரும்பும். நான்கு முதல் ஆறு வாரங்கள் கலண்டரில் கீறிக் கீறி, படிப்படியாகக் குறைத்தீர்கள்.

நன்றியுடன்,
மருந்துப் பட்டியல் பார்க்கும் மருந்தாளர்கள்,
கொழும்பு