பிரான்சு செல்லும் பெற்றோருக்குத் தமிழில் ஒரு தாள் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பயணம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை விசா பெறும் வழிகளோடு நின்றுவிட்டது. விமானத்தை விட்டு இறங்கியபின் சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். புதுச்சேரியிலும் காரைக்காலிலும், மகளின் பேறுகாலத்துக்காகவோ பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்காகவோ தனியாகப் பிரான்சுக்கு விமானம் ஏறும் தாய்மார்கள் பலர். பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை அவர்கள் அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அறிகிறார்கள். அப்படிக் கேள்விப்படுவதில் பாதி தவறாக இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுசெல்ல முடியாது. ஆகவே நெய், பால்கோவா, உப்புக்கண்டம் ஆகியவை பறிமுதலாகும். கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை. மீன் வகைகளைச் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதிக்கிறார்கள். 2019 டிசம்பர் 14 முதல், பச்சைக் காய், கனி, கீரை, பூ அனைத்துக்கும் பயிர் நலச் சான்று (பூச்சியோ நோயோ இல்லை என்று அரசு தரும் சான்று) கட்டாயம். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியான் என்ற ஐந்துக்கு மட்டுமே விலக்கு. நம் வீட்டார் ஆசையோடு ஈரத்துணியில் சுற்றி வைக்கும் கறிவேப்பிலையும் மாம்பழமும் மல்லிகைச் சரமும் அந்த ஐந்தில் இல்லை. இதை வீண் கெடுபிடி என்று நான் கருதவில்லை. பழ ஈ காணப்பட்டதால்தான் 2014இல் இந்திய மாம்பழத்துக்கே ஐரோப்பா தடை விதித்து, மறு ஆண்டு நீக்கியது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கக்கூடியது. பாரிசில் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளிலேயே கறிவேப்பிலை கிடைக்கும்போது அதற்காகச் சுங்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

நகை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். விமானத்தில் வருபவர் வரியின்றிக் கொண்டுசெல்லக்கூடிய பரிசுப் பொருள்களின் மதிப்பு 430 யூரோ; 15 வயதுக்குட்பட்டோருக்கு 150 யூரோ. பேரனுக்கென்று வாங்கிய ஒரு சவரன் சங்கிலியே இன்றைய விலையில் அந்த வரம்பைத் தாண்டிவிடும். கணவனும் மனைவியும் தங்கள் வரம்புகளைச் சேர்த்து ஒரே நகைக்குக் கணக்குக் காட்டவும் முடியாது. பையில் மறைப்பதைவிட, இரசீதோடு சிவப்பு வழியில் சென்று தாமாகவே அறிவிப்பதுதான் பாதுகாப்பு. 10,000 யூரோவோ அதற்கு மேலோ பணம் வைத்திருந்தால் அதையும் அறிவித்தாக வேண்டும்.

பிள்ளைகள் அங்குள்ள மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) பெற்றனுப்பும் வரவேற்புச் சான்றின் (பெற்றோரைத் தம் வீட்டில் தங்கவைப்பதாகக் கூறும் சான்றின்) அசல், 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு, மாத்திரைகளுக்கான மருத்துவர் சீட்டு ஆகியவை பெரிய பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்க வேண்டும். குறுகிய கால விசாவில் எந்த 180 நாள்களிலும் 90 நாள் வரைதான் தங்கலாம்; அந்தக் கணக்கில் இறங்கும் நாளும் புறப்படும் நாளும் சேரும் என்பதையும் பலர் அறிவதில்லை.

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும்போதே, இவற்றையெல்லாம் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளையும் சேர்த்துத் தருமாறு பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பயணச்சீட்டு விற்கும் முகவர்களும் அதையே செய்யலாம். அதுவரை, தாங்கள் இவ்விதிகளை ஒரு பக்கக் கட்டுரையாக வெளியிட்டு, விதிகள் மாறும்போது திருத்தியும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.