நாலு மாடு ஓடுச்சுன்னு சொன்ன அக்காவுக்கு

2008, ஓ.எல் பரீட்சை வருஷம். மேல் கொத்மலை கரண்ட் திட்டம் முடியாத டைம், சென் கிளேயர் அருவில தண்ணி முழுசா கொட்டும், அதப் பாக்க கணக்குப் பாடத்த கட் பண்ணி ஹட்டன்ல பஸ் ஏறுனா முன் சீட்ல யாரு, எங்க ஸ்கூல் அதிபர்! அடுத்த ஹோல்ட்லயே குதிச்சு தேயிலைக்குள்ள ஓடுனோம், மழை வேற, காலெல்லாம் அட்டை. கொழுந்து எடுத்துட்டிருந்த நீங்கதான் மழைக்குப் போடுற படங்க போத்தி உக்கார வெச்சு, அட்டைக்கு உப்பு தேச்சு, உங்க ரொட்டியையும் கட்டசம்பலையும் பிச்சு குடுத்தீங்க. தேடி வந்த சார்கிட்ட “புள்ளைங்க யாரும் வரலீங்க, நாலு மாடுதான் ஓடுச்சு”ன்னீங்க பாருங்க!

பேர் கூட கேக்கல, மன்னிச்சிருங்க. ரொம்ப நன்றிக்கா. அந்த மாட்டுல ஒண்ணு இப்ப கணக்கு வாத்தியார்.