தம்பிக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்குக் கால்வலி எப்படி? தினமும் சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது. முன்பு கித்தா (ரப்பர்) மரம் நின்ற தோட்டங்களில் இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ஞாயிறு காலை ரொட்டி சானாயில் பசியாறிவிட்டு ஆளாளுக்கு ஒரு பக்கம் கிளம்புவார்கள். இன்று கோயில் மண்டபத்தில் செஸ் போட்டி. ஆளுக்கு 25 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல். யானை மட்டும் மிஞ்சும் ஆட்டத்தில் தோற்றுப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்காகவே ஓர் ஆட்டம் சொல்கிறேன்.

வெள்ளை, லாரி ஓட்டுநர். கறுப்பு, தோட்டத்துக் கிராணி (எழுத்தர்). இத்தாலியன் தொடக்கம், நடு ஆட்டத்தில் எல்லாம் வெட்டுப்பட்டன, விசேஷமில்லை. கடைசியில் வெள்ளைக்கு ராஜா எஃப்5, யானை ஏ7, சிப்பாய் ஈ5. கறுப்புக்கு ராஜா ஈ8, யானை பி6. எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை. அடுக்கிப் பார். நம் பலகையில் காய் தொலைந்திருந்தால் புளியங்கொட்டை வைத்துக்கொள்.

சிப்பாய் குறைந்தாலும் இது டிரா. பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777இலேயே காட்டிவிட்டார். கறுப்பு யானை ஆறாம் வரிசையிலேயே பி6, சி6 என்று நடமாடினால் வெள்ளை ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. கிராணியும் ஐந்தாறு நகர்வு அப்படியே ஆடினார். பொறுமையிழந்த ஓட்டுநர் சிப்பாயை ஈ6க்குத் தள்ளினார்.

இங்கேதான் யானையின் வேலை மாறுகிறது. அந்தச் சிப்பாய் பி6 யானையின் பார்வையை மறைக்கிறது. அதன் மறைவில் வெள்ளை ராஜா எஃப்6 ஏறினால், அடுத்து ஏ8இல் மேட். ஆனால் சிப்பாய் முன்னேறிவிட்டதால், பின்னாலிருந்து செக் வந்தால் ராஜா ஒதுங்க இடமில்லை. ஆகவே யானை உடனே பி1க்கு இறங்க வேண்டும். ராஜா எஃப்6 என்றால் எஃப்1 செக். ஈ5 என்றால் ஈ1 செக். டி6 என்றால் டி1 செக். ராஜா விலகிப்போனால் சிப்பாய் போகும்.

ஆனால் கிராணி யானையைப் பி8க்கு இழுத்தார். கடிகாரத்தில் நான்கு நிமிடம் மிச்சம், அவசரமே இல்லை. ஆபத்து என்றால் வீட்டுக்கு ஓடும் பழக்கம், உனக்கும் உண்டு. ராஜா எஃப்6 வந்ததும் கறுப்புக்கு ஒரு செக்கும் கிடையாது. அவர் யானையை சி8 ஆடினார், வெள்ளை யானை எச்7. எச்8இல் மேட், கறுப்பு ராஜா டி8 ஓடினாலும் எச்8 செக்கில் யானைகள் வெட்டுப்பட்டு, சிப்பாய் ராணியாகிவிடும். கிராணி தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார்.

இதே நிலையை இருபது தடவை, பக்கம் மாற்றி மாற்றி ஆடு. எத்தனை டிரா, எத்தனை தோல்வி என்று அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
அண்ணன்