முதலில் திண்ணை, அப்புறம் தரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் பி.டி. சாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பேரனுக்கு வயது 14, ஒன்பதாம் வகுப்பு. கோடை விடுமுறையில் யாரிடமும் சொல்லாமல், போனில் வந்த '30 நாளில் சிக்ஸ் பேக்' வீடியோவைப் பார்த்து, மொட்டை மாடியில் தினமும் 100 தண்டால், குதித்து எழும் பஸ்கி 100 என்று எடுத்திருக்கிறான். மூன்றாவது வாரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினான். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு மேடாக இருக்கிறதே, அந்த இடத்தைத் தொட்டாலே வலி.

எலும்பு மருத்துவர் 'ஆஸ்குட்-ஷ்லாட்டர்' என்று பெயர் சொன்னார். வளரும் வயதில் கால் எலும்பின் அந்த மேடு முழுதாக இறுகியிருக்காது. தொடைத் தசையின் இழுப்பெல்லாம் நாண் வழியாக அங்கேதான் போய் விழுகிறது. சிமென்ட் தரையில் நாள் தவறாமல் நூறு முறை குதித்தால் அது தாங்குமா? பயப்பட வேண்டாம், வலி அடங்கும்வரை குதிக்காமல் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் உடனே "இனிமேல் எக்சர்சைஸே வேண்டாம், உயரம் நின்றுவிடும்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பேச்சை எத்தனையோ பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, முறையாகச் செய்ய வைக்கும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் பயிற்சி வேண்டும் என்கிறது 2020இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பெண் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

வலி போனபின் அவனை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துவந்தேன். திங்கள், புதன், வெள்ளி மட்டும், காலை ஏழு மணிக்குள். முதல் ஐந்து நிமிடம் வேக நடை, கைகளைச் சுழற்றுவது. அப்புறம் திண்ணை விளிம்பில் கை ஊன்றித் தண்டால். தரையில் நூறு எடுத்தவனுக்குத் திண்ணையில் எட்டு எடுக்கச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. முதுகின் மேல் நீளவாக்கில் துடைப்பக் கம்பு ஒன்றை வைத்தேன். பின்தலை, முதுகு, இடுப்பின் அடி மூன்றிலும் கம்பு பட்டபடியே இறங்கி ஏற வேண்டும். நான்காவதிலேயே இடுப்பு தொய்ந்து கம்பு உருண்டு விழுந்தது. அப்போதுதான், முன்பு எடுத்த நூறில் எத்தனை தண்டால் என்று அவனே யோசித்தான்.

எட்டு எட்டாக இரண்டு தடவை, நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. இன்னும் இரண்டு எடுக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தடவை, கம்பு விழாமல், அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் எடுத்தால், கை ஊன்றும் இடத்தைத் திண்ணையிலிருந்து கீழ்ப்படிக்கு இறக்கலாம். கை தாழத் தாழத் தண்டால் கடினமாகும். தரை கடைசியில்தான். பஸ்கிக்கு ஒரு நாற்காலி. நுனியில் உட்கார்ந்து உடனே எழ வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது, முட்டி இரண்டும் உள்பக்கம் சாயக் கூடாது. பிளாங்க், அதாவது முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது, இருபது விநாடி போதும்.

பையன்கள் பெரும்பாலும் தள்ளும் பயிற்சியையே எடுக்கிறார்கள், இழுக்கும் பயிற்சியைத் தொடுவதே இல்லை. தண்டால் மட்டும் எடுத்துக்கொண்டே போனால் முதுகுத் தசை பின்தங்கிவிடும். அதனால் தண்டால் எடுக்கும் நாளெல்லாம் கம்பியையும் பிடிக்க வேண்டும். பின்கட்டில் இடுப்பு உயரத்தில் இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. நான் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகே அவனை விட்டேன். அடியில் மல்லாந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, நெஞ்சைக் குழாய்க்கு இழுக்கிறான். ஆறு முறைதான் முடிகிறது.

மறுநாள் தசை கடுப்பது சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டிலோ எலும்பு மேட்டிலோ குறிப்பாக ஓர் இடத்தில் வலித்தால் அன்றே நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். புரோட்டீன் பவுடர் கேட்டான். முட்டை, சுண்டல், வேர்க்கடலை, பருப்பு என்று கொடுக்கச் சொன்னேன். இரவு பத்து மணிக்குப் போனை வாங்கி வைத்துவிடுகிறோம், இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும்.

பள்ளித் தலைமை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடாதீர்கள். முட்டி உள்ளே சாய்வதையும் இடுப்பு தொய்வதையும் பார்த்துச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு வேறு ஆள் கிடையாது. உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் உடற்பயிற்சிப் படம் போடும்போது, எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

பேரன் போன வெள்ளிக்கிழமை கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டான். கம்பு விழவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோவில்பட்டி.