கௌடெங் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்: எதை வெட்டினாலும் காப்பகங்களில் கை வைக்காதீர்கள்

மாண்புமிகு மாகாண முதல்வர் அவர்களுக்கும் சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 6ஆவது பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளாகச் சிலவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. அந்த உரிமையில் தமிழில் எழுதுகிறேன். பிழைப்புக்காக உங்கள் கௌடெங் மாகாணத்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்தவன் நான். இங்கே எனக்கு வாக்கு இல்லை; வரி மட்டும் மாதம் தவறாமல் கட்டுகிறேன். ஆண்டுதோறும் மார்ச் மாதம் நீங்கள் தாக்கல் செய்யும் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் உண்டு. தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லக்கூட முடியாதவர்களின் சோற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

2015 அக்டோபரில் உங்கள் சுகாதாரத் துறை அப்படி மிச்சம் பிடிக்கத்தான் கிளம்பியது. நாள்பட்ட மனநோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்த லைஃப் எசிடிமெனி நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தத்தை முறித்தது. ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 320 ராண்ட் செலவாகிறது, கட்டுப்படியாகவில்லை என்றார்கள். 112 ராண்டுக்குப் பார்த்துக்கொள்ளத் தொண்டு நிறுவனங்கள் கிடைத்தன. மனநல மருத்துவர்கள் எச்சரித்தார்கள். குடும்பங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2016 மார்ச்சில், சொவெட்டோவில் உள்ள ஓர் இல்லத்துக்கு நோயாளிகளை மாற்றுவதைத் தடுக்கக் கேட்டபோது, அந்த இடம் தகுதியானதுதான் என்று துறை உறுதியளித்தது. நீதிமன்றமும் அதை நம்பியது.

அதன்பின் நடந்தவை அறிக்கைகளிலும் சாட்சியங்களிலும் பதிவாகியிருக்கின்றன. சிலரைப் படுக்கை விரிப்பால் கட்டித் திறந்த வண்டிகளில் ஏற்றினார்கள். மருத்துவக் கோப்பும் அடையாள ஆவணமும் இல்லாமல் பலர் போய்ச் சேர்ந்தார்கள். இல்லம் நடத்துவோர் மாட்டுச் சந்தையில் ஏலம் எடுப்பதுபோல ஆட்களைப் பொறுக்கியெடுத்தார்கள் என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மகோபா 2017 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 27 தொண்டு நிறுவனங்களின் உரிமங்களும் செல்லாதவை என்றும் அது கண்டறிந்தது. பசி, நீரிழப்பு, குளிர் என்று ஒவ்வொருவராக இறந்தார்கள். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் இல்லம் இல்லமாகத் தேடி அலைந்த தாய்மார்களுக்குச் சிலவேளைகளில் பிணவறையில்தான் விடை கிடைத்தது. மொத்தம் 144 பேர் இறந்தார்கள். உயிர்தப்பிய 1,418 பேர் சித்திரவதைக்கும் அதிர்ச்சிக்கும் ஆளானார்கள் என்று, குடும்பங்களுக்கும் அரசுக்கும் இடையே நடுவராக இருந்த முன்னாள் துணைத் தலைமை நீதிபதி மொசெனெகே 2018 மார்ச்சில் எழுதினார். ஒன்பது பேரின் மரணத்துக்கு அன்றைய மாகாணச் சுகாதார அமைச்சரும் மனநலப் பிரிவின் தலைவரும் பொறுப்பு என்று 2024 ஜூலையில் மரண விசாரணை நீதிமன்றம் சொன்னது.

கணக்கு என்று வந்தால் அதையும் பார்ப்போம். நாளொன்றுக்கு மிச்சம் 208 ராண்ட். நடுவர் தீர்ப்பின்படி இறந்தவர்களுக்கான ஒவ்வோர் உரிமைகோரலுக்கும் கொடுக்க வேண்டியிருந்த இழப்பீடு 12 லட்சம் ராண்ட். ஒரு நோயாளியின் பேரில் பிடித்த மிச்சத்தைப் பதினைந்து ஆண்டுகள் சேர்த்து வைத்தாலும் அந்தத் தொகை வராது.

பழைய சங்கதியை ஏன் கிளறுகிறேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தப் பழக்கம் இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை என்பதால்தான். 2023இல் சமூக மேம்பாட்டுத் துறை, தொண்டு நிறுவனங்களுக்கான நிதியில் 41.6 கோடி ராண்டைக் குறைக்கப் பார்த்தது. முதல்வரே தலையிட்டு அதைத் திரும்பப் பெற்றார், அதற்கு நன்றி. ஆனால் மறு ஆண்டு ஏப்ரல் கடந்தும், மே கடந்தும் பல அமைப்புகளுக்குப் பணம் வரவில்லை. மறுபடியும் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

ஏப்ரலில் பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை, எனக்குத் தெரிந்த ஒரு சிறிய இல்லத்தின் சமையலறையில் பார்த்திருக்கிறேன். பாப் என்னும் சோளக் களி கிண்ட மாவு மூட்டை தெருமுனைக் கடையில் கடனுக்கு வந்தது. கடைக்காரரின் நோட்டில் பக்கம் நிரம்பியதும் இறைச்சி நின்றது, பிறகு பால் நின்றது. இரவுக் காவலுக்கு இருந்த பெண்ணைச் சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? அவர் போன பிறகு, வலிப்பு வரும் இளைஞன் ஒருவனுக்குப் பக்கத்தில் இரவில் யாரும் இல்லை. உங்கள் அலுவலகத்தில் இதற்குப் பெயர் ‘ஒப்புதல் நிலுவை’.

பணமே இல்லை என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். 2023இல் மாகாணக் கருவூலம், அறுவைச் சிகிச்சைக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் காத்திருப்போருக்காக 78.4 கோடி ராண்ட் ஒதுக்கியது. கதிர்வீச்சுக்காகக் காத்திருந்த புற்றுநோயாளிகள் சுமார் 3,000 பேர். அவர்களுக்கு உரிய 25 கோடி செலவழிக்கப்படாமலேயே கருவூலத்துக்குத் திரும்பியது. இது சட்டவிரோதம் என்று 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, துறை மேல்முறையீட்டுக்குக் கிளம்பியது. புற்றுக்கட்டி வழக்கு முடியும்வரை காத்திருக்குமா?

தெம்பிசா மருத்துவமனையையும் மறக்க முடியவில்லை. அங்கே 85 கோடி ராண்டுக்கான சந்தேகப் பட்டுவாடாக்களைக் கண்டுபிடித்து எச்சரித்தவர், உங்கள் சுகாதாரத் துறையின் நிதி அதிகாரி பபிதா தேவகரன். 2021 ஆகஸ்ட் 23 காலை, மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அதே மருத்துவமனையில் 200 கோடிக்கு மேல் சூறையாடப்பட்டதாகச் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு 2025இல் அறிவித்தது. 112 ராண்டுக்கு ஆளைக் கொண்டுபோய்த் தள்ளிய துறையும் இதுதான்.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இவை. காப்பகங்கள், முதியோர் இல்லங்கள், அடிபட்ட பெண்களுக்கான புகலிடங்கள் ஆகியவற்றுக்கான ஒதுக்கீட்டை வேறெதற்கும் திருப்ப முடியாதபடி தனித் தலைப்பில் பூட்டி வையுங்கள். ஒப்பந்தங்கள் மார்ச்சிலேயே கையெழுத்தாகி, முதல் தவணை ஏப்ரல் முதல் வாரத்தில் போய்ச் சேரட்டும். எந்த நோயாளியையும் இடம் மாற்றும் முன், புதிய இடத்தின் உரிமத்தைத் துறைக்கு வெளியே உள்ள மருத்துவர் ஒருவர் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அதோடு குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நோயாளிகளுக்கென ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பினால், பொறுப்பான அமைச்சர் அவையில் எழுந்து காரணம் சொல்லட்டும். இவற்றுக்குப் புதிதாகப் பெரிய தொகை எதுவும் தேவையில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றக் கை உயர்த்துவதற்கு முன், இந்த நான்கில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று அவைக்குறிப்பில் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஜோகன்னஸ்பர்க்கில் வாழும் தமிழன் ஒருவன்