இலக்கணப் புத்தகத்து ரென்

அன்புள்ள சுபேதார்,

உன் கடிதமும், உன் வாழ்க்கைக் கதையை எழுதும் நோட்டின் முதல் பக்கங்களும் வந்து சேர்ந்தன. பதில் தாமதமானதற்கு என் கண்தான் காரணம். இடது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து விட்டு முடிக்கும் வரை படிக்கவே கூடாது என்று வீட்டில் ஒரே கெடுபிடி. இப்போது அச்செழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்தை மட்டும் எந்த ஆபரேஷனாலும் சரிசெய்ய முடியாது போலிருக்கிறது.

நீ கேட்டதற்கே நேராக வருகிறேன். 'சர்வீஸ் முழுக்க டிப்போவில் லெட்ஜர் எழுதியே போய்விட்டது. எல்லையில் நின்றவன் எழுதினால் படிப்பார்கள், ஸ்டோர்ஸ்காரன் எழுதினால் யார் சீந்துவார்கள்? அங்கங்கே கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?' என்று கேட்டிருக்கிறாய். இதைப் படித்ததும் எனக்கு ஒரு ஆள் நினைவுக்கு வந்தார். அவரும் பட்டாளத்துக்குப் போன வாத்தியார்தான். கூட்டிச் சொல்வதில் உன்னையும் என்னையும் தூக்கிச் சாப்பிட்டவர். பி.சி. ரென்.

பேரைக் கேட்டதுமே உனக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆமாம், ரென் அண்ட் மார்ட்டின் ரென்னேதான். வாக்கியம், எழுவாய் பயனிலை என்று தொடங்கி, செயப்பாட்டுவினைக்கு மாற்று, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு என்று நம்மைப் படுத்தி எடுத்த அதே ஆங்கில இலக்கணப் புத்தகம். 1930-களில் பம்பாயில் வெளிவந்தது. பிறகு என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்பாக எஸ். சந்த் நிறுவனம் போட்டு, இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் வரை வந்துவிட்டது. நான் அதைச் சொல்லிக் கொடுத்தே பென்ஷன் வாங்கியவன். அட்டையில் இருக்கும் அந்த ரென் யார் என்று ஒரு பையனும் என்னிடம் கேட்டதில்லை. இலக்கணப் புத்தகத்துக்கு ஆசிரியர் உண்டு என்றே யாருக்கும் தோன்றுவதில்லையே!

அந்த மனிதர்தான் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதியவர். 1924-ல் லண்டனில் வெளிவந்து உலகமெல்லாம் விற்றது. 1926-ல் ரொனால்ட் கோல்மன் நடித்து ஊமைப்படமாக வந்தது. 1939-ல் கேரி கூப்பர் நடித்த பேசும்படம். 1966-ல் இன்னொரு முறையும் எடுத்தார்கள்.

கதை உனக்குப் பிடிக்கும். சஹாரா பாலைவனத்தில் ஒரு பிரெஞ்சுக் கோட்டை. உதவிப் படையோடு ஒரு அதிகாரி வந்து சேர்கிறார். மதில் மேல் இடைவெளிக்கு ஒருவராகச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். கூப்பிட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. பார்த்தால் அத்தனை பேரும் பிணம். செத்தவர்களை யாரோ நிமிர்த்தி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்து வா என்று அனுப்பிய ஊதுகொம்புக்காரன் திரும்பி வரவே இல்லை. இப்படித்தான் ஆரம்பம். அதற்குப் பிறகு புத்தகத்தை யாரால் கீழே வைக்க முடியும்?

மூன்று ஆங்கிலேயச் சகோதரர்கள் எப்படி அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் மீதிக் கதை. அத்தை வீட்டில் ஒரு நீலக்கல் காணாமல் போகிறது. மூத்தவன் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு இரவோடு இரவாக ஓடிப்போய் பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்கிறான். இல்லை, எடுத்தது நான்தான் என்று மற்ற இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஓடுகிறார்கள். கல் என்ன ஆயிற்று என்று சொல்ல மாட்டேன், நீயே படி.

பிரெஞ்சு அந்நியப் படை உனக்குத் தெரிந்ததுதான். 1831-ல் லூயி பிலிப் மன்னர் தொடங்கியது. அந்தக் காலத்தில் தலைமையிடம் அல்ஜீரியாவில் சிதி பெல் அபெஸ். எந்த நாட்டுக்காரனும் சேரலாம், என்ன பெயர் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள், ஐந்து வருஷ ஒப்பந்தம். தானும் அதில் இருந்தவன் என்றுதான் ரென் உலகத்தை நம்ப வைத்திருந்தார். மாலுமி, வேட்டைக்காரர், ஊர் ஊராகச் சுற்றியவர், குதிரைப்படைச் சிப்பாய், அப்புறம் அந்நியப் படை வீரர் என்று பட்டியல் நீளும். பிறந்த வருஷம் 1885, ஊர் டெவன் என்று பழைய குறிப்பு நூல்களில் அச்சேறியும் விட்டது.

உண்மையில் அவர் பிறந்தது 1875 நவம்பர் 1, லண்டனின் டெப்ட்ஃபர்டில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வைத்த பெயர் பெர்சி ரென், அவ்வளவுதான். பெர்சிவல் கிறிஸ்டஃபர் ஆனது பிற்பாடு. லண்டனில் புனித பால் பேராலயம் கட்டிய கட்டடக் கலைஞர் பெயரும் கிறிஸ்டஃபர் ரென்தான், கவனித்தாயா? ஆக்ஸ்ஃபர்டில் படித்தார். 1899-ல் கல்யாணம். சில வருஷம் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளிகளில் வேலை. 1903-ல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து கராச்சியில் தலைமையாசிரியராக வந்தார். பிறகு பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் இருந்தார், 1917 வரை அந்த வேலைதான். இந்த வரிசையில் சஹாராவில் கழித்த ஐந்து வருஷத்தை எங்கே செருகுவது? 1885-ல் பிறந்தார் என்றால் இன்னும் வேடிக்கை: கராச்சியில் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரும்போது அவருக்கு வயது பதினெட்டு!

அவர் அந்தப் படையில் இருந்ததற்கு இன்று வரை உறுதியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் படைச் சீருடையில் ஒரு படம் கிடையாது. அவ்வளவு புகழ் வந்த பிறகும், 'அவன் என் பக்கத்துக் கட்டில்காரன்' என்று சொல்லிக்கொண்டு ஒரு பழைய சிப்பாய்கூட வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பொய்தான் என்று அடித்துச் சொல்லவும் யாருக்கும் வழியில்லை. எந்தப் பெயரிலும் சேரலாம் என்கிற படையாயிற்றே! வேறு எந்த ரெஜிமென்ட்டைச் சொல்லியிருந்தாலும் நாமினல் ரோலை, அதாவது ஆள் பெயர்ப் பட்டியலை, எடுத்து ஒரே நாளில் முடித்திருப்பார்கள். சரியான இடம் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

உண்மையாகவே பட்டாளத்தில் இருந்த கதையும் உண்டு, அதைப் பற்றித்தான் அவர் அதிகம் தம்பட்டம் அடிக்கவில்லை. பூனா வாலண்டியர் ரைஃபிள்ஸில் இருந்தார். அது வேலை பார்த்துக்கொண்டே பரேடுக்குப் போகிற வெள்ளைக்காரத் தொண்டர் படை. 1914-ல் மனைவி ஆலிஸ் பூனாவில் இறந்துபோனாள். அதே வருஷம் நவம்பர் கடைசியில் இந்திய ராணுவத்தின் ரிசர்வ் அதிகாரியாக, கேப்டன் ரேங்கில், 101-வது கிரனேடியர்ஸோடு சேர்ந்தார்.

அந்த ரெஜிமென்ட் அந்த மாதத் தொடக்கத்தில்தான் கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்ற இடத்தில் செமத்தியாக அடி வாங்கியிருந்தது. எட்டாயிரம் பேர் போய் இறங்கியும் ஜெர்மன் தளபதி லெட்டோ ஃபோர்பெக்கின் ஆயிரம் பேர் விரட்டிவிட்டார்கள். போதாக்குறைக்குக் காட்டுத் தேனீக்கள் வேறு கிளம்பிக் கொட்டின. உனக்கு இன்னொரு செய்தி: அங்கே அவர்களோடு அதே பிரிகேடில் இருந்தது 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. நம் பக்கத்துப் பெயர் அந்தக் கடற்கரை வரைக்கும் போயிருக்கிறது, ஆனால் நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. உன்னிடம் ரெஜிமென்ட் வரலாறு எதிலாவது இது இருந்தால் எழுது.

ரென் அந்தப் படையில் வெகுநாள் இருக்கவில்லை. உடம்பு முடியாமல் போய் 1915 அக்டோபரில் பதவியை விட்டுவிட்டார். மனைவி போனாள், நோயோடு போர் முடிந்தது. நாற்பதைத் தொடும் வயது. பெரிய சாகசம் ஒன்றுமில்லை. நாவல்கள் அதன் பிறகும் தொடர்ந்து வருகின்றன. அந்நியப் படையை வைத்து எழுதிய முதல் நாவல் 1916-ல். 1917-ல் இந்திய வேலையை விட்டு இங்கிலாந்து போய் முழுநேரமாக எழுத உட்கார்ந்தார். 1920-ல் கிழக்கு ஆப்பிரிக்கப் போரை வைத்தும் ஒன்று எழுதினார். அதாவது தன் ரெஜிமென்ட் போன போர். அதை இன்று யாருக்கும் நினைவில்லை. பார்த்தாரா என்றே தெரியாத பாலைவனம்தான் நின்றது. இதை எழுதும்போது எனக்கே உன் பக்கம் சாய்ந்துவிடுவேனோ என்று இருக்கிறது.

ஆனால் கண் சரியானதும் 'போ ஜெஸ்ட்'டை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்குப் பாலைவனம்தான் தெரிந்தது. இப்போது பாலைவனம் அட்டைப்படம் மாதிரி இருக்கிறது: மணல், வெயில், மதில், மிருகத்தனமான சார்ஜென்ட் மேஜர். உயிரோடு இருப்பது அந்தப் பையன்கள். அண்ணன் விளையாட்டைத் தீர்மானிப்பது, தம்பிகள் கேள்வி கேட்காமல் அவன் பின்னால் போவது, காட்டிக்கொடுப்பதைவிட உதை வாங்குவது மேல் என்ற சட்டம், அழுகை வரும்போது கேலி பேசி மறைப்பது. சின்ன வயதில் மூன்று பேரும் வைக்கிங் வீரனின் ஈமச்சடங்கு விளையாடுகிறார்கள். நான் செத்தால் எனக்கும் இப்படித்தான், காலடியில் ஒரு நாயை வைத்துக் கொளுத்த வேண்டும் என்கிறான் மூத்தவன். கோட்டையில் தம்பி அதை நிஜமாகவே செய்கிறான். நாயாக வைத்தது யாரை என்று நீயே படித்துக்கொள். படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வருஷக்கணக்காகப் பையன்களை வகுப்பில் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத்தான் அது வரும். படையில் சேர்ந்து கற்றதில்லை அது, கரும்பலகைக்கு முன்னால் நின்று கற்றது.

இவ்வளவும் தெரிந்த மனிதர் வாத்தியார் வேலையை ஒளித்து வைத்தார். பாடப் புத்தகங்கள் எழுதியவர் அவர். இந்திய ஆசிரியர்களுக்கென்று கல்வி முறை பற்றி 1910-ல் ஒரு கையேடு போட்டவர். நாவலாசிரியராகப் பெயர் வந்ததும் சஹாராவை முன்னால் நிறுத்திவிட்டார். ஆனால் புகழ் வந்த பிறகு வெளிவந்த அந்த இலக்கணப் புத்தகத்தில் அதே பெயர்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று பொருத்திப் பார்க்கத்தான் ஆளில்லை.

குறை சொல்லாமலும் விட முடியாது. அவர் நாவலில் நல்லவன் யார் கெட்டவன் யார் என்று ஆளின் நாட்டைக் கேட்டாலே தெரிந்துவிடும். ஆங்கிலேயன் வீரன், அமெரிக்கன் தோழன், இத்தாலிக்காரன் துரோகி. கோட்டையைச் சுற்றிச் சுடுகிற பாலைவனத்து மக்களுக்கு முகமே கிடையாது. அது அவர்கள் ஊர், வந்து கோட்டை கட்டியது நீ என்று ஒரு பக்கத்திலாவது தோன்ற வேண்டாமா? இந்தியாவில் அவ்வளவு வருஷம் இருந்தவர், நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் எழுதியவர், நம் மனிதர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் துரை ஏணியை விட்டு இறங்கியதே இல்லை. பையன்களைப் பார்த்த அதே கண் அங்கே மூடிக்கொண்டது.

அதற்கு மேல் இரண்டு தொடர்ச்சி நாவல்களும் நிறைய மற்றதும் எழுதினார். 1927-ல் மறுமணம் செய்துகொண்டார். 1941 நவம்பரில் கிளாஸ்டர்ஷயரின் ஆம்பர்லி என்ற கிராமத்தில் காலமானார். அந்நியப் படை விஷயம் மட்டும் கடைசி வரை புதிராகவே இருந்துவிட்டது.

சரி, உன் நோட்டுக்கு வருகிறேன். முதல் அத்தியாயத்தில் துப்பாக்கிச் சத்தம், இருட்டு, எதிரியின் நிழல் என்று எழுதியிருக்கிறாய். சினிமாவில் பார்த்ததை எழுதியிருக்கிறாய் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீ ஒருமுறை ரயிலில் சொன்னாயே, மலைக்குப் போகிற பட்டாளத்துக்கு வந்த பனி பூட்ஸ் பெட்டிகளில் அளவெல்லாம் கலந்து கிடந்தது, ராத்திரி முழுக்க நீயும் இரண்டு ஜவான்களும் தரையில் உட்கார்ந்து ஜோடி சேர்த்தீர்கள் என்று. ஒரு வலது கால் மட்டும் கடைசிவரை மிஞ்சியது, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பழுதான சாமான்களைக் கழித்துவிடும் கண்டம்னேஷன் போர்டு வரைக்கும் போனது என்று சொல்லிச் சிரித்தாயே! அது நோட்டில் எங்கே? மலைக்குப் போனவர்களில் எத்தனை பேர் அந்தப் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள் என்று லெட்ஜரில் பார்த்தாலே தெரியும் என்றும் சொன்னாய். அன்றைக்கு நான் பதில் பேசவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதை எழுது. அது உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

கூட்டிச் சொல்வதுதான் உனக்கு ஆசை என்றால் நாவல் என்று பெயர் போட்டுக் கூட்டு, நான் தடுக்கவில்லை. 'என் வாழ்க்கை' என்று போட்டுவிட்டுக் கூட்டாதே. உன் பழைய யூனிட் ஆட்கள் எல்லாம் உயிரோடு இருக்கிறார்கள், வாட்ஸாப்பிலும் இருக்கிறார்கள். ரென்னுக்கு இருந்த வசதி உனக்குக் கிடையாது.

அடுத்த நோட்டை அனுப்பும்போது பக்க எண் போடு. சென்ற முறை கலைந்து போய் அடுக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பென்சிலால்தான் குறிப்பேன், சிவப்பு மை இல்லை. தங்கச்சி முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பச் சொன்னாள் இவள், அடுத்த பார்சலில் வரும். மாத முதல் வாரத்தில் கேன்டீனுக்கு வருவாய் அல்லவா, அப்படியே இங்கே வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. 'போ ஜெஸ்ட்'டை எடுத்து வைத்திருக்கிறேன். கடன்தான், திருப்பித் தர வேண்டும்.

அன்புடன்,
உன் வாத்தியார்