ஸ்நார்கெலிங்குக்கும் ஸ்கூபாவுக்கும் ஒரே ஃபின்ஸ் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையில், குழாய் வழியே மூச்சு விட்டு நீர்மட்டத்தில் மிதக்கும் ஸ்நார்கெலிங்குக்குக் குட்டை ஃபின்ஸ் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) ஒன்று, காற்று சிலிண்டரோடு ஆழத்தில் இறங்கும் ஸ்கூபாவுக்கு நீளமானது ஒன்று என இரண்டு ஜோடி வாங்கச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு செலவு தேவையே இல்லை. எங்கள் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது கேரளத்துக் கோவளத்துக்கும் அந்தமானுக்கும் போய் ஸ்கூபா பழகுகிறார்கள், லீவுக்கு ஊருக்கு வந்தால் முட்டம், கடியபட்டினம் பக்கம் முகமூடியை மாட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்நார்கெலிங்கில் நீர்மட்டத்திலேயே மிதந்தபடி ரொம்ப நேரம் காலை அடிக்க வேண்டியிருக்கும். ஃபின்ஸ் நீளமாகவும் விறைப்பாகவும் இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், பாதி உதை தண்ணீருக்கு மேலே காற்றில் வீணாகும். ஸ்கூபாவில் கதை வேறு. காற்று நிரப்பிய அலுமினிய சிலிண்டர் மட்டுமே 15 கிலோவைத் தாண்டும். தண்ணீருக்குள் அந்தக் கனம் தெரியாது என்றாலும், முதுகிலும் மார்பிலும் கட்டியிருக்கும் சாமான்கள் எல்லாம் தண்ணீரை எதிர்த்து இழுக்கும். நீரோட்டம் கொஞ்சம் இருந்தால் குட்டை ஃபின்ஸை வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே உதைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே நடுத்தர நீளம், நடுத்தர விறைப்பு உள்ள ஸ்கூபா ஃபின்ஸ் ஒன்றை வாங்கினால் இரண்டுக்கும் ஓடும். மூச்சடக்கி ஆழம் போகிறவர்கள் போடும் மிக நீளமான வகை இந்த இரண்டுக்கும் சரிப்படாது.

அடுத்தது, செருப்பு மாதிரி வெறுங்காலோடு நுழைக்கும் வகையா, பூட்ஸ் போட்டுக் குதிகாலில் வாரால் இறுக்கும் வகையா என்ற கேள்வி. நம் கடல்நீர் வெதுவெதுப்பானது, வெறுங்கால் வகையே போதும் என்று கடைக்காரர் சொல்வார். படகிலிருந்து நேராகக் குதிப்பவருக்கு அது சரிதான். இங்கே கரையிலிருந்து இறங்குகிறவருக்குச் சரியில்லை. சிப்பி எடுக்கப் போகிறவர்களின் பாதத்தைப் பார்த்தால் தெரியும், குறுக்கும் நெடுக்கும் கீறல். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியின் விளிம்பு சவரக்கத்தி போல அறுக்கும், இடுக்கில் கடல் முள்ளெலி வேறு இருக்கும். பூட்ஸோடு பாறையில் நடந்து, இடுப்பளவு தண்ணீருக்குப் போன பிறகு கூட வந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின்ஸை மாட்டுவதுதான் பாதுகாப்பு. கரையிலேயே மாட்டிக்கொண்டு தத்தித் தத்தி நடந்தால் விழுவது நிச்சயம். அதனால் நம் ஊருக்கு நான் வார் வகையைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது பூட்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காலைத் தூக்கி உதறிப் பாருங்கள். குதிகால் ஆடக்கூடாது, விரல்கள் மடங்கவும் கூடாது. ஷூ அளவை மட்டும் நம்பி இணையத்தில் ஆர்டர் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்குச் சின்னதாக இருக்கும். ரப்பர் வார் நம் வெயிலில் வெடித்துவிடும், முடிந்தால் ஸ்பிரிங் வார் உள்ளதாக எடுங்கள், இல்லையென்றால் மாற்று வார் ஒன்று பையில் இருக்கட்டும். அப்புறம், நடுவில் பிளந்த ஃபின்ஸ் என்று ஒன்று விற்கிறார்கள். நேராக உதைக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தவளை மாதிரி காலை விரித்து உதைப்பதற்கு அது லாயக்கில்லை, அடிமணலைக் கிளப்பாமல், பவளப் பாறையை இடிக்காமல் போவதற்கு அந்த உதைதான் வேண்டும்.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். ஃபின்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் கள்ளக்கடல் (தூரத்துக் கடலில் கிளம்பித் திடீரென்று கரையில் ஏறும் பேரலை) எச்சரிக்கை உள்ள நாளில் யாரும் இறங்கக்கூடாது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கடல் இழுத்துக்கொண்டது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை எச்சரிக்கையை நீங்கள் தினமும் வானிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் நன்றாக இருக்கும், கடலுக்குப் போகிறவர்கள் காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

இப்படிக்கு,
கடியபட்டினம் வாசகர்